பின்பக்கத்தில் எழுதிய பதினோரு வரிகள்

1. புத்தகங்களைக் கொடுத்த நாள்

2024ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை 4.25க்கு எழுந்தேன். ஒரு பிளேன்டீ. மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் சோறு, பருப்பு, பொரித்த மீன். 5.05க்கு மவுண்ட் ரோஸ்கில் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். மழை. 5.27க்கு மங்கரேயில் எங்கள் கொட்டகை வாசலில் நின்றேன். ஷிஃப்ட் ஆறு மணிக்குத்தான். ஆனால் பதினொரு வருடமாக நான் அரை மணி நேரம் முன்னதாகப் போகிறவன்.

எங்கள் வேலை விமானச் சரக்கு. பழம், இறைச்சி, மீன், பால்மா எல்லாம் லொறியில் வரும். அவற்றைப் பெரிய அலுமினியத் தட்டுகளில் அடுக்கி, வலை போட்டு, பட்டி இறுக்கி, எடை பார்த்து விமானத்துக்கு அனுப்புவோம். அந்தத் தட்டை நாங்கள் பாலெட் என்போம். அடுக்குவது பில்ட்-அப். அது நடக்கிற வரிசை லைன். நான் காலை ஷிஃப்டின் சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினான்கு பேர்.

சூப்பர்வைசரிடம் ஒரு ஷிஃப்ட் புத்தகம் இருக்கும். எந்த பாலெட்டை யார் கட்டினார், எத்தனை மணிக்கு முடிந்தது, எது பிழையென்று திரும்பி வந்தது, எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் அதில் எழுத வேண்டும். மற்ற சூப்பர்வைசர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். என் புத்தகத்தில் நிமிடக் கணக்கு இருக்கும்.

அன்று 9.15க்கு மேனேஜர் கார்த்திக் என் மேசைக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். மரியாதையான மனிதர்.

"அருளப்பு அண்ணா, நவம்பர்லருந்து உள்ள ஷிஃப்ட் புக் எல்லாம் வேணும். ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க."

"எதுக்கு, கார்த்திக்?"

"அந்த விசா லெட்டர் விஷயம்தான். ஒருத்தருக்குத்தான் சப்போர்ட் பண்றாங்களாம். மத்தியாஸா, நைட் ஷிஃப்ட் பையனான்னு பாக்கணும்."

மத்தியாஸ் என் ஷிஃப்டில் வேலை செய்தவர். சிலி நாட்டுக்காரர், முப்பத்தொரு வயது. மனைவியும் நாலு வயது மகளும் இங்கே இருந்தார்கள். வீடு எங்கள் பக்கம்தான், மவுண்ட் ரோஸ்கில். ஜூன் கடைசியில் விசா முடிகிறது. கம்பனி ஆதரவுக் கடிதம் கொடுத்தால் இருக்கலாம். கொடுக்காவிட்டால் மூன்று பேரும் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இடையில் வேறு வழி எதுவும் இல்லை.

நான் நான்கு புத்தகங்களையும் திகதி வரிசைப்படி அடுக்கி, மாதத்துக்கு ஒரு நிறமாக ஒட்டுத்தாள் வைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மத்தியாஸ் நன்றாக வேலை செய்கிறவர் என்பதை அந்தப் புத்தகங்கள் காட்டும் என்று நினைத்தேன். முன்பக்கம் அதைத்தான் காட்டியது. பின்பக்கத்தைப் பற்றி நான் இனித்தான் சொல்ல வேண்டும்.

2. சொல் சேர்த்தது

2023 நவம்பரில் என் ஷிஃப்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஐந்து பேரானார்கள். தேநீர் அறையில் சத்தமாகக் கதைத்து, சத்தமாகச் சிரிப்பார்கள். எனக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு விளங்காத ஒன்று என் ஷிஃப்டில் நடப்பது எனக்குப் பிடிக்காது. லுப்பே என்ற மெக்சிக்கோப் பெண்ணிடம் கேட்டேன். அவர்கள் என்னோடு பேசுவது ஆங்கிலத்தில். இங்கே எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"ஆக்களைப் பற்றித்தான் கதைக்கிறம், ஹெஃபே. வேற என்ன கதைக்கிறது?" ஹெஃபே என்றால் அவர்கள் பாஷையில் முதலாளி, தலைவர்.

"என்னைப் பற்றியுமோ?"

"உங்களைப் பற்றித்தான் கூட."

"என்ன சொல்லுறியள்?"

"குவாத்ரிகுலாதோ." தன் சட்டைப் பையிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இந்தத் தாள் மாதிரி மூளை. எல்லாம் கட்டத்துக்குள்ள."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரியான சொல்தான். அன்றே எழுதிவைத்தேன்.

அதிலிருந்து நாளுக்கு ஒரு சொல். இவை அகராதிப் பாடத்தில் வருகிற சொற்கள் அல்ல, வேலைத்தளத்தில் ஒருவரை ஒருவர் அழைக்கிற சொற்கள். கோதோ என்றால் முழங்கை. கஞ்சனைப் பார்த்து வாய் திறக்காமல் முழங்கையைத் தட்டிக் காட்டுவார்கள். ஃப்ரேசா என்றால் ஸ்ட்ரோபெரிப் பழம். பணக்காரத் தோரணையில் லெவல் அடிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர். தலைமை அலுவலகத்திலிருந்து வெள்ளைச் சப்பாத்தோடு கொட்டகை பார்க்க வந்த இளைஞருக்கு அதைத்தான் வைத்தார்கள். பெசாதோ என்றால் பாரமானவன், நாங்கள் அறுவை என்று சொல்கிற ஆள். புவெனா ஓண்டா என்றால் பழக நல்லவர், சோக்கான ஆள்.

ஃப்ளோஹோ என்றால் பஞ்சிக்காரன், சோம்பேறி. அந்தப் பட்டம் மத்தியாஸுக்கு.

காரணம் சிறியது. அவர் எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடுவார். பட்டிச் சுருளின் மேல், வெறும் பெட்டியின் மேல், ஃபோர்க்லிஃப்டின் படியில். மற்றவர்கள் நிற்கும் நேரத்தில் அவர் இருப்பார். லுப்பே தூரத்திலிருந்தே கூப்பிடுவார்: "ஏய் ஃப்ளோஹோ, கதிரை கொண்டு வரட்டோ?"

மத்தியாஸ் எழும்பமாட்டார். "தலையணையும் கொண்டு வா" என்பார்.

நான் இந்தச் சொற்களை ஷிஃப்ட் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதினேன். அந்தப் பக்கங்கள் எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். புத்தகம் நாள் முழுதும் என் கையில் இருக்கும். ஒரு சொல்லை யாருக்கு, எப்போது, என்ன செய்யும்போது சொல்கிறார்கள் என்று குறித்தால்தான் எனக்கு அது மனதில் நிற்கும். மன்னாரில் ஆங்கிலம் படித்ததும் அப்படித்தான். ஆகவே நான்கு பத்தி போட்டேன்: சொல், ஆள், திகதியும் நேரமும், சந்தர்ப்பம். எங்கள் கொட்டகையின் பொதுமொழி ஆங்கிலம் என்பதால் ஸ்பானிஷ் சொல்லை ஆங்கில எழுத்திலும் மற்றதை ஆங்கிலத்திலும் எழுதினேன்.

ஒரு வரியை இங்கே தருகிறேன். "ஃப்ளோஹோ. மத்தியாஸ். மார்ச் 12, 10.40 முதல் 10.52. லைன் மூன்றில் பட்டிச் சுருளில் இருக்கிறார்."

மத்தியாஸைப் பற்றி மட்டும் இப்படி ஆறு மாதத்தில் பதினோரு வரி.

புத்தகங்களைக் கொடுத்தபோது பின்பக்கங்கள் எனக்கு மறக்கவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவை அங்கே இருப்பது தெரிந்துதான் கொடுத்தேன். ஐம்பத்துநாலு வயதில் புதிதாக ஒரு பாஷை படிக்கிறேன் என்று கார்த்திக் பார்க்கட்டும் என்ற சின்ன எண்ணமும் இருந்தது.

3. வியாழக்கிழமை, 2.10

மே 16. ஷிஃப்ட் முடிந்து கையெழுத்துப் போடும் நேரம். கார்த்திக் கூப்பிட்டார்.

"கதவச் சாத்திட்டு உக்காருங்கண்ணா." நான் இருந்தேன். "மத்தியாஸுக்கு வரல. நைட் ஷிஃப்ட் பையனுக்குக் குடுத்துட்டாங்க."

"ஏன்?"

"உங்க புக்கதான் பாத்தாங்க. பின்னாடி எழுதி வச்சிருக்கீங்கல்ல."

"அது சொல்லுப் படிக்கிறதுக்கு எழுதினது, கார்த்திக்."

"எனக்குப் புரியுதுண்ணா. அவங்க ஃபோன்ல போட்டுப் பாத்திருக்காங்க. சோம்பேறின்னு வந்துருக்கு. பதினோரு தடவ. டேட் இருக்கு, டைம் இருக்கு. எங்க உக்காந்திருந்தான்னுகூட இருக்கு."

"எல்லாரும் பகிடிக்குச் சொல்லுறது. அவனுக்கு முன்னாலதான் சொல்லுறவை. அவனே சிரிக்கிறவன்."

கார்த்திக் மெதுவாகக் கேட்டார்: "வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு யாராச்சும் டைம் போடுவாங்களா அண்ணா?"



"நான் ஹெட் ஆபீஸுக்கு எழுதுறன். அது வேற விஷயமெண்டு விளங்கப்படுத்துறன்" என்றேன்.

"எழுதுங்க. ஆனா அந்தப் பையனுக்கு லெட்டர் போயிருச்சு. ஒரு லெட்டர்தான். திருப்பி வாங்க மாட்டாங்க." புத்தகங்களை என் பக்கம் தள்ளினார். "அவன்கிட்ட நான் காலைல சொல்லிட்டேன். காரணம் சொல்லல. செலக்ட் ஆகலன்னு மட்டும்தான் சொன்னேன்."

அன்று மத்தியாஸ் 11.20க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அதையும் நான் புதிதாகத் தொடங்கிய புத்தகத்தில் எழுதியிருந்தேன்.

4. தெரியாது என்று சொன்னது

வெள்ளிக்கிழமை காலை 5.40. நான் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியாஸ் நனைந்த ஜாக்கெட்டோடு வந்தார். வழக்கமாகக் கடைசி நிமிடத்தில் வருகிறவர்.

"ஹெஃபே, ஒண்டு கேக்கட்டோ? நான் என்ன பிழை விட்டன்?"

"நீ ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஏன்? கார்த்திக் ஒண்டும் சொல்லுறாரில்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் மனைவி அதற்கு முந்திய வாரம்தான் மகளுக்குப் புதுக் குளிர்ச்சட்டை வாங்கியிருந்தார். ஒரு அளவு பெரிதாக, அடுத்த வருடமும் போடலாம் என்று. மத்தியாஸ் அதைப் படமெடுத்துத் தேநீர் அறையில் எல்லோருக்கும் காட்டியிருந்தார். கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் நின்றது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அன்று புத்தகத்தில் நான் எழுதியவை எல்லாம் உண்மை. வாயால் சொன்ன அந்த ஒன்று மட்டும் பொய்.

5. ஞாயிறும் திங்களும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காரில் ஏறியதும் மனைவி றீற்றா கேட்டாள்: "மூண்டு நாளா உங்களுக்கு என்ன? சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

சொன்னேன். கோவில் கார் நிறுத்துமிடத்திலேயே, இயந்திரத்தைப் போடாமல், முழுவதும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ, நீங்கள் எழுதினதாலதான் எண்டு?"

"இல்லை."

"அப்ப அவன் தன்னில ஏதோ குறை எண்டு நினைச்சுக்கொண்டு ஊருக்குப் போவான்."

"சொன்னாப் போலக் கடிதம் கிடைக்கப்போகுதோ?"

"கடிதம் கிடையாது. அதுக்கு என்ன செய்யிறது? ஆனால் குறை ஆரில எண்டாவது தெரியட்டும்." பிறகு சீட்பெல்ட்டைப் போட்டாள். "காரை எடுங்கோ. மழை வரப்போகுது."

மே 20, திங்கள். 5.35க்கு மத்தியாஸை வாசலில் நிறுத்தினேன். நான்கு புத்தகங்களும் கையில் இருந்தன. பின்பக்கங்களைத் திறந்து பதினோரு வரியையும் வாசித்துக் காட்டினேன். இது என் கையெழுத்து, இதைத்தான் தலைமை அலுவலகம் பார்த்தது, வெள்ளிக்கிழமை நீ கேட்டபோது எனக்கு இது தெரியும் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அந்தச் சொல் மிகவும் சின்னதாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு புத்தகத்தை வாங்கி விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு வரியில் நின்றார்.

"மார்ச் பன்னிரண்டு. அண்டைக்குத்தானே குளிரறைக் கதவு பழுதானது? எல்லாரும் லொறிக்காகக் காத்துக்கொண்டு நிண்டவை. நான் இருந்தன். அவ்வளவுதான்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்லை. இருந்தது." புத்தகத்தை என்னிடம் தந்தார். "நீங்கள் எல்லாம் எழுதுறனீங்கள்தானே. முன்னுக்குப் பாருங்கோ, மிஸ்டர் அருளப்பு."

அதுவரை அவர் என்னை ஹெஃபே என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒருமுறையும் அப்படிக் கூப்பிடவில்லை.

அன்று லைன் மூன்றில் ஒன்பது பாலெட். 10.15க்கு இடைவேளை வந்தது. லுப்பே தன் பக்கத்துக் கதிரையைத் தட்டி, "ஃப்ளோஹோ, வா, உன்ரை சிம்மாசனம்" என்றார். மத்தியாஸ் சுவரோடு நின்று தேநீர் குடித்தார். லுப்பே மறுபடி கூப்பிட்டார். அப்போதும் மத்தியாஸ் நின்றபடியே குடித்தார். லுப்பேயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவனுக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"நான் செய்த வேலை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு வரை மத்தியாஸ் ஒருமுறையும் உட்காரவில்லை. வலைக் கொழுக்கியைக் குனிந்து மாட்டும்போதுகூட முழங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

6. முன்பக்கம்

ஷிஃப்ட் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. தேநீர் அறையில் நான்கு புத்தகங்களையும் விரித்தேன். பின்பக்கத்து வரி ஒவ்வொன்றுக்கும் அதே நாளின் முன்பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

மார்ச் 12: "குளிரறைக் கதவு பழுது. 10.35 முதல் 11.05 வரை லைன் மூன்று நின்றது." என் கையெழுத்துத்தான். ஜனவரி 22: எடை இயந்திரம் வேலை செய்யவில்லை, இருபத்தைந்து நிமிடம். பெப்ரவரி 8: வலை வந்து சேரவில்லை. இப்படியே பதினொன்றில் எட்டு நாள், அவர் உட்கார்ந்திருந்த நேரம் லைன் நின்றிருந்த நேரம். மற்ற மூன்று நாள் சும்மாதான் இருந்திருக்கிறார். அதிகபட்சம் பன்னிரண்டு நிமிடம்.

இரண்டும் ஒரே புத்தகத்தில், ஒரே பேனாவால், ஒரே ஆள் எழுதியவை. ஆறு மாதத்தில் ஒருநாளாவது நான் முன்பக்கத்தைப் பின்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. பின்பக்கம் எனக்குப் பொழுதுபோக்கு.

பிறகு அவர் கட்டிய பாலெட்டுகளை எண்ணினேன். எண்ணி முடிக்க மாலை ஐந்தே முக்கால் ஆயிற்று. துப்புரவுப் பெண் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே வந்து சூப்பர்வைசர் ஆகிற நம் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்று வேலைப் புத்தகத்தில் எழுதாதீர்கள். நல்லதாகவும் எழுதாதீர்கள். எந்த பாஷையிலும் எழுதாதீர்கள். என்ன செய்தார், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று மட்டும் எழுதுங்கள். தேநீர் அறையில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு சொல்கிற சொல்லில் அந்தச் சிரிப்பும் சேர்ந்திருக்கும். தாளில் எழுதும்போது சிரிப்பு வராது, சொல் மட்டும்தான் வரும். பக்கத்தில் நேரத்தையும் போட்டால் அது சாட்சி ஆகிவிடும். நான் ஒழுங்கானவன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தச் சாட்சியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. ஒழுங்கில்லாத ஒருவர் கிறுக்கியிருந்தால் மத்தியாஸுக்கு ஒன்றும் நடந்திருக்காது.

தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதிய விளக்கத்துக்கு இரண்டு வரியில் பதில் வந்தது. முடிவில் மாற்றம் இல்லை. ஜூன் 27ஆம் திகதி அவர்கள் மூன்று பேரும் சாந்தியாகோவுக்குப் போனார்கள். எங்கள் கொட்டகையிலிருந்து விமான நிலையம் ஏழு நிமிடம். நான் அன்று ஷிஃப்டில் இருந்தேன். வழியனுப்ப வரட்டோ என்று நான் கேட்டு அனுப்பிய செய்திக்கு அவர் பதில் போடவில்லை. லுப்பே போய் வந்தார். வந்து என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது.

புத்தகங்களை ஒப்பிட்ட அந்த மே 20, திங்கட்கிழமை மாலை, தேநீர் அறையை விட்டுப் போவதற்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். மத்தியாஸ் எந்த நாட்டில் வேலை கேட்டாலும் காட்டக்கூடிய கடிதம். ஒரு பக்கம். நேர்மையானவர், கடின உழைப்பாளி என்ற சொற்கள் கைக்கு வந்தன. எழுதவில்லை.

மறுநாள், மே 21, செவ்வாய்க்கிழமை. காலை முதல் வேலையாகக் கார்த்திக்கின் அறைக்குப் போனேன். மணி 5.50. கடிதத்துக்கு மேனேஜரின் கையெழுத்து வேண்டும். அவர் நின்றபடியே வாசித்தார்.

"ஆறு மாசத்துல அறுநூத்துப் பன்னெண்டு பாலெட்." மேலே பார்த்தார். "திரும்பி வந்தது ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்டும் இல்லை."

"மத்தவங்களுக்கு?"

"ஆளுக்கு ஏழு, எட்டு வரும். எனக்கு நான் கட்டின காலத்தில பதினைஞ்சு."

பேனாவைத் தேடி எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இத போன செவ்வாக்கெழமையே குடுத்திருக்கலாமேண்ணா."

"ஓம்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.